மானநஷ்ட வழக்கு இப்போதைக்கு வேண்டாம்

கேள்வி: எனக்கு வயது 27. சென்ற ஆண்டு நிச்சயதார்த்தம் முடிந்து, நகை விஷயத்தில் தகராறு வந்து கல்யாணம் நின்றுவிட்டது. நிச்சயமான பிறகு அவர் வற்புறுத்தியதால் சில தடவை வீடியோ காலில் அவர் சொன்னபடி இருந்தேன். அதை எனக்குத் தெரியாமல் ரெக்கார்டு செய்து வைத்திருக்கிறார். கல்யாணம் நின்றதும் என் அக்கா வீட்டுக்காரருக்கும் எங்கள் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்புக்கும் அனுப்பிவிட்டார். இன்ஸ்டாகிராமில் என் பெயர், போட்டோ, செல் நம்பரோடு போலிக் கணக்கு தொடங்கி ‘ரேட்’ போட்டிருந்தார். தோழிகள் எல்லாரும் சேர்ந்து ரிப்போர்ட் அடித்து அதைத் தூக்க வைத்தோம். ஊர்ப் பெரியவர்கள் பேசி, ‘வீடியோவை அழித்துவிட்டேன், இனி யாருக்கும் அனுப்ப மாட்டேன்’ என்று 20 ரூபாய் பத்திரத்தில் அவரிடம் எழுதி வாங்கினார்கள். போலீசுக்குப் போக மாட்டேன் என்று நானும் அதில் கையெழுத்துப் போட்டேன். 7 மாதம் கழித்து இப்போது டெலிகிராம் சேனல் ஒன்றில் அதே வீடியோ ஓடுகிறது. ‘அவள் சம்மதித்துத்தானே காட்டினாள், கேஸ் போட்டால் அவளுக்குத்தான் அசிங்கம்’ என்கிறாராம். மானநஷ்ட வழக்குப் போட்டு 10 லட்சம் கேட்கலாம் என்கிறார் சித்தப்பா. போடலாமா? ஃபார்வர்டு செய்த உறவினர்களை என்ன செய்வது? என் பெயர் வெளியே வராமல் வழக்கு நடத்த முடியுமா?

- பெயர் வேண்டாம், திருவாரூர் மாவட்டம்

பதில்: இடம் கருதி உங்கள் கடிதத்தைச் சுருக்கியிருக்கிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன்.

கடிதத்தோடு வீடியோ உள்ள பென் டிரைவையும் கூரியரில் அனுப்பியிருக்கிறீர்கள். அதை நான் திறக்கவில்லை. ஒட்டிய உறை ஒட்டியபடியே விரைவுத் தபாலில் திரும்பி வருகிறது. இனி யாருக்கும் அதை அனுப்பாதீர்கள், வக்கீலுக்கும்கூட. நாளை கூண்டில் ஏறினால் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கப்போகும் முதல் கேள்வியே, ‘இதை நீங்கள் எத்தனை பேருக்கு அனுப்பினீர்கள்?’ என்பதுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ‘சம்மதித்துத்தானே காட்டினாள்’ என்ற பேச்சுதான் உங்களை 7 மாதம் வாய் திறக்க விடாமல் செய்திருக்கிறது. சட்டத்தின் முன் அது எடுபடாது. 1.7.2024 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆவது பிரிவை உங்கள் சித்தப்பாவைப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு பெண் தன் அந்தரங்கத்தைப் படம் எடுக்கச் சம்மதித்திருந்தாலும், மூன்றாம் நபருக்கு அனுப்பச் சம்மதிக்காவிட்டால், அனுப்பியவர் குற்றவாளி என்று அதன் விளக்கமே சொல்கிறது. உங்கள் விஷயத்தில் படம் எடுக்கவே நீங்கள் சம்மதிக்கவில்லை. முதல் தடவை தண்டனை என்றால் ஓராண்டுக்குக் குறையாமல் 3 ஆண்டு வரை சிறை. இதோடு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ சேரும். வீடியோவில் வெளிப்படையான பாலியல் செயல் இருந்தால் 67-ஏ பிரிவும் சேரும். அதற்கு முதல் முறையே 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் வரை அபராதம். வீடியோவில் என்ன இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை, எழுதவும் வேண்டாம். நேரில் பார்க்கும் வக்கீலிடம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எந்தப் பிரிவு என்பது அதைப் பொறுத்தது. வீடியோ கால் தவிர நீங்களே எடுத்து அனுப்பிய படம் ஏதாவது இருந்தால் அதையும் மறைக்காதீர்கள். அந்தப் படங்களுக்கு 77 பொருந்துமா என்று வாதம் கிளம்பும். அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் வக்கீல் 66-இ பிரிவை முன்னால் வைப்பார்.

மானநஷ்டத்தை ஏன் வேண்டாம் என்கிறேன்? கிரிமினல் அவதூறு வழக்கில் போலீஸ் எஃப்.ஐ.ஆர். போட்டுப் புலனாய்வு செய்யாது. நீங்களே மாஜிஸ்திரேட் முன்னால் தனிப் புகார் கொடுத்து, பிரமாண வாக்குமூலம் தந்து, சாட்சிகளைக் கூட்டிவர வேண்டும். டெலிகிராம் சேனலை நடத்துவது யார், எந்த போனிலிருந்து ஏற்றினார் என்பதையெல்லாம் நீங்கள் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? அதைவிட மோசமானது இன்னொன்று. அவதூறு வழக்கில் ‘நடந்தது உண்மைதான்’ என்று எதிரி ஆரம்பித்துவிட்டால் உங்கள் ஒழுக்கம்தான் விசாரணைப் பொருளாகும். கடைசியில் அவர் தோற்கலாம். அதற்குள் உங்களைப் படாத பாடு படுத்திவிடுவார்கள். 77, 66-இ பிரிவுகளில் வீடியோவில் இருப்பது உண்மையா என்ற கேள்விக்கே இடமில்லை. உங்கள் சம்மதம் இல்லாமல் பரப்பினாரா என்பது மட்டுமே கேள்வி. அந்த ‘ரேட்’ போட்ட போலிக் கணக்கு மட்டும் வேறு சங்கதி. அது பச்சைப் பொய், சுத்தமான அவதூறு. அதற்கு நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்குப் போடலாம். ஆனால் வெளியிட்ட நாளிலிருந்து ஓராண்டுதான் காலக்கெடு. அதில் பாதிக்கு மேல் தின்றுவிட்டீர்கள்.

சொல்ல வேண்டாம் என்று பார்த்தாலும் முடியவில்லை. 7 மாதம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? போலிக் கணக்கைத் தூக்க வைத்தோம் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். தூக்குவதற்கு முன் அதன் முகவரியை, பயனர் பெயரை, தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 2021ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, புகாரின் பேரில் நீக்கிய பதிவையும் அது சம்பந்தமான விவரங்களையும் நிறுவனம் 180 நாள் பாதுகாத்து வைக்க வேண்டும். நீதிமன்றமோ புலனாய்வு அமைப்போ கேட்டால் அதற்கு மேலும் வைத்திருக்கும். நீங்கள் போலீசுக்குப் போகாததால் யாரும் கேட்கவில்லை. 7 மாதம் என்றால் 210 நாள். அந்தக் கணக்கு எந்த நம்பரில், எந்த ஐ.பி. முகவரியில் தொடங்கப்பட்டது என்ற தகவல் இன்னும் அங்கே இருக்கிறதா என்பது இனி உங்கள் அதிர்ஷ்டம். இது போதாதென்று, பயத்தில் பழைய போனை ரீசெட் அடித்து அலமாரியில் போட்டிருக்கிறீர்கள். அவர் மிரட்டி அனுப்பிய குறுஞ்செய்திகள் அதில்தானே இருந்தன? குற்ற வழக்குக்கான காலக்கெடு இன்னும் முடியவில்லை. 3 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றத்துக்கு 3 ஆண்டு அவகாசம் உண்டு, 67-ஏ பிரிவுக்கு அந்தக் கெடுவே கிடையாது. ஆனால் சாட்சியத்துக்குச் சட்டம் அவகாசம் தராது. அது போனால் போனதுதான்.

நல்ல வேளையாக உங்கள் அத்தான் போனில் அந்த மெசேஜ் இன்னும் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வழக்கின் உயிர்நாடி அதுதான். அதை அழிக்க வேண்டாம், வேறு எங்கும் நகல் எடுக்க வேண்டாம், போனை விற்க வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லுங்கள். போலீஸ் அந்த போனையே கைப்பற்றட்டும். மின்னணு ஆவணத்தின் நகலைத் தாக்கல் செய்தால் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். அந்தப் படிவத்தில் ஒரு பகுதியை ஆவணம் தருபவரும் மறு பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும். சான்றிதழ் இல்லாத ஸ்கிரீன்ஷாட்டை எதிர்த்தரப்பு எளிதாகத் தட்டிவிடும்.

அந்த 20 ரூபாய் பத்திரம் யாரிடம் இருக்கிறது? ‘பெரியவர் வீட்டு பீரோவில்’ என்கிறீர்கள். போய் வாங்குங்கள், அசலை வாங்குங்கள். போலீசுக்குப் போக மாட்டேன் என்று நீங்கள் போட்ட கையெழுத்து உங்களைக் கட்டுப்படுத்தாது. குற்ற வழக்கை அமுக்குவதற்கான ஒப்பந்தம் செல்லாது, அது எத்தனை ரூபாய் பத்திரமானாலும் சரி. ஆனால் ‘வீடியோவை அழித்துவிட்டேன், இனி அனுப்ப மாட்டேன்’ என்று அவர் கைப்பட எழுதியது அவருக்கு எதிரான ஒப்புதல். தன்னிடம் இருந்தது, அனுப்பினேன் என்று அவரே சொல்லிவிட்டார். போலீஸ் முன்னால் சொல்லாமல் ஊரார் முன்னால் சொன்னதால் அதை நீதிமன்றம் பார்க்கத் தடையில்லை. எவ்வளவு எடை தரும் என்பது மற்ற சாட்சியத்தைப் பொறுத்தது. பஞ்சாயத்துப் பேசியவர்கள் உங்களுக்குச் செய்த ஒரே நன்மை, அவர்களே அறியாமல் செய்த இதுதான்.

டெலிகிராம் சேனலைப் பற்றி உடனே செய்ய வேண்டியது: சேனல் பெயர், இணைப்பு முகவரி, தேதி மூன்றையும் குறித்துக்கொண்ட பிறகு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்குப் புகார் அனுப்புங்கள். 2021 விதிகள் வந்தபோதே இத்தகைய படத்தை 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்றுதான் இருந்தது. கூடவே தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியுங்கள். அங்கே பெயர் சொல்லாமல் புகார் தரும் வசதி உண்டு. உங்களுக்கு அது வேண்டாம். பெயரோடு பதிந்தால்தான் வழக்கைத் தொடர்ந்து கவனிக்க முடியும்.

எழுத்துமூலமான புகாரை மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் கொடுங்கள். 77ஆவது பிரிவின் கீழ் பெண் தரும் தகவலைப் பெண் அதிகாரிதான் பதிவு செய்ய வேண்டும், கேட்டுப் பெறுங்கள். சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் திணித்து அனுப்பினால் திருப்தியாக வீட்டுக்கு வந்துவிடாதீர்கள், அது எஃப்.ஐ.ஆர். ஆகாது. வழக்குப் பதிய மறுத்தால் எஸ்.பி.க்கு விரைவுத் தபாலில் அனுப்பி அதன் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனு. எஸ்.பி.க்கு அனுப்பிய அத்தாட்சி இல்லாமல் அந்த மனு நிற்காது.

ஃபார்வர்டு செய்த ஒவ்வொருவரும் பரப்பியவரே. ‘வந்ததைத் தள்ளிவிட்டேன்’ என்பது பதிலாகாது. குரூப் அட்மினாக இருந்ததற்காக மட்டும் ஒருவரை இழுக்க முடியாது. சொந்தத்தில் யார் யாரை எதிரியாகச் சேர்ப்பது, யாரைச் சாட்சியாக வைத்துக்கொள்வது என்பதைக் கோபத்தில் முடிவு செய்யாதீர்கள். பெறுவதை மட்டும் பெற்றுச் சும்மா இருந்த உறவினர் நல்ல சாட்சியாவார்.

பெயர் விஷயத்துக்கு வழி இருக்கிறது. 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தில் இதே போன்ற கொடுமைக்கு ஆளான ஒரு பெண் வழக்கறிஞரின் மனு வந்தது. 48 மணி நேரத்தில் அந்தக் காட்சிகளை நீக்க நடவடிக்கை எடுக்கும்படி மத்திய அரசுக்கு நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவிட்டார். ஆண் போலீசார் முன்னிலையில் அந்தப் பெண்ணை வீடியோ பார்த்து அடையாளம் காட்டச் சொன்னதைக் கண்டித்ததோடு, எஃப்.ஐ.ஆரில் இருந்த பெயரையும் நீக்கச் சொன்னார். இந்த உத்தரவைச் சுட்டிக்காட்டி உங்கள் வக்கீல் மனுப் போடலாம். தானாக நடக்காது, கேட்டால்தான் கிடைக்கும்.

மேலே சொன்னதெல்லாம் உங்கள் கடிதத்தை மட்டும் வைத்துச் சொன்னது. எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியாது, ஆவணம் ஒன்றையும் நான் பார்க்கவில்லை. இதை வைத்துக்கொண்டு நீங்களாக எதுவும் தாக்கல் செய்துவிடாதீர்கள். கிரிமினல் வழக்கு நடத்தும் உள்ளூர் வக்கீல் ஒருவரை இந்த வாரத்துக்குள் நேரில் பாருங்கள். பணம் இல்லை என்பது காரணமாகாது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். போகும்போது பத்திரத்தின் அசலும், ரீசெட் அடித்த பழைய போனும் கையில் இருக்கட்டும். அந்த போனை மறுபடி சார்ஜ் போட்டு ஆன் செய்து பார்க்க வேண்டாம். அத்தானையும் கூட்டிக்கொண்டு போங்கள். சித்தப்பா வீட்டிலேயே இருக்கட்டும்.