முன்னே சேமிப்பு, பின்னே பெருஞ்செலவு



வியாபாரிக்கு முதல் இரண்டு. ஒன்று பணம், மற்றொன்று வாக்கு. பணம் போனால் திரும்பவும் தேடிக்கொள்ளலாம். வாக்குப் போனால் மறுநாள் சரக்குப் போடுவதற்கு ஆள் இராது.

கடன் வாங்குவது மார்க்கத்தில் விலக்கப்பட்ட காரியம் அன்று. கடன் கொடுக்கல் வாங்கலில் தவணையைக் குறித்து எழுதி வைத்துக்கொள்ளும்படி திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 282-வது வசனம் கட்டளையிடுகிறது. ஆயினும் நாயகம் (ஸல்) அவர்கள் தொழுகையில் கடனை விட்டும் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடி வந்தார்கள். காரணம் கேட்கப்பட்டபோது, கடன்பட்டவன் பொய் சொல்லவும் வாக்கு மாறவும் நேருகிறது என்ற கருத்துப்பட விடையளித்தார்கள். ஆகவே கடன் அவசரத்துக்கு உரிய மருந்து. அன்றாட உணவு ஆகாது.

இதில் திரிங்காப், பிரிஞ்சாங், கம்போங் ராஜா பக்கத்தில் கடை நடத்தும் நமக்குத் தனிக் கஷ்டம் ஒன்று உண்டு. பள்ளி விடுமுறையில் வெளியூர் ஜனங்கள் மலை ஏறினால் வியாபாரம் நடக்கும். மழை மாதங்களில் மண் சரிந்து பாதை அடைபட்டால் கடை வெறிச்சென்று கிடக்கும். காய்கறி விலை இறங்கினால் தோட்டக்காரரின் பாக்கி நம் புத்தகத்திலேயே தங்கிவிடும். நம் வருமானம் மாதத்துக்கு மாதம் மாறுகிறது. தவணைப் பணமோ மாறுவதில்லை. மாறுகிற வரவைக் கொண்டு மாறாத செலவை ஏற்றுக்கொள்வதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

இதற்கு நல்ல பாடம் நம் நாட்டிலேயே இருக்கிறது. முற்காலத்தில் மலாய்க் கிராமவாசிகள் பலர் வட்டிக்கு அஞ்சி வங்கிப் பக்கம் போகமாட்டார்கள். பணத்தைத் தலையணைக்கடியிலும் பெட்டியிலும் வைத்திருப்பார்கள். ஹஜ்ஜுக்குப் போகும் வேளையில் நிலத்தையும் மாட்டையும் விற்றுப் புறப்படுவார்கள். கடமையை முடித்துத் திரும்பியவர்களுக்குப் பிழைக்க வழி இல்லாமற் போகும். இதைக் கண்ட பொருளாதாரப் பேராசிரியர் உங்கு அஜீஸ், 1959-ல் ஒரு திட்டத்தை எழுதி அரசாங்கத்திடம் கொடுத்தார். ஹஜ்ஜுக்குப் போக எண்ணுவோர் சிறுகச் சிறுகச் சேமிக்க வேண்டும், அந்தப் பணம் வட்டியில்லாத தொழில்களில் ஈடுபட வேண்டும் என்பதே அதன் சாரம். 1962-ல் அதற்கென ஒரு ஸ்தாபனம் அமைந்தது. 1963 செப்டம்பரில் வேலை தொடங்கிற்று. முதலில் சேர்ந்தவர்கள் 1,281 பேர். சேர்ந்த தொகை 46,600 வெள்ளி. ஆளுக்கு 36 வெள்ளிதான்! 1969-ல் ஹஜ்ஜு விவகார அலுவலகத்தோடு இணைக்கப்பட்ட அதுவே இன்றைய தாபோங் ஹாஜி. 2023-ல் அதில் கணக்கு வைத்திருந்தோர் 90 லட்சத்துக்கும் மேல்.

அந்த முதல் 1,281 பேர் பணக்காரர்கள் அல்லர். ஒரே நோக்கத்துக்கென்று பணத்தைத் தனியே வைத்தார்கள். கைக்கு எட்டாத இடத்தில் வைத்தார்கள். அந்த வழியைக் கடைக்கும் கொண்டுவரலாம்.

ஒருவருக்கு 6,000 வெள்ளியில் உறைபெட்டி தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். தவணைக்காரர் முழுத் தொகைக்கும் ஆண்டுக்கு நூற்றுக்கு 8 வீதம், இரண்டு ஆண்டு என்று கணக்குப் போட்டால் கூடுதல் 960 வெள்ளி. மாதம் 290 வெள்ளி வீதம் 24 மாதம் கட்ட வேண்டும். அதே ஆள் தினமும் 10 வெள்ளியைத் தனியே எடுத்து வைத்தால் 20 மாதத்தில் 6,000 வெள்ளி கையில் இருக்கும். மாதச் சுமை ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் இவர் நான்கு மாதம் முன்னதாகவே விடுபடுகிறார். வட்டியின் பாவமும் இல்லை. வியாபாரம் படுத்த மாதத்தில் 10 வெள்ளியை 3 வெள்ளியாகக் குறைத்துக்கொள்ளலாம். தவணைக்காரரிடம் அப்படிச் சொல்ல முடியுமா?

“இருபது மாதம் காத்திருந்தால் வியாபாரம் கைநழுவிப் போகுமே” என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வியே. முதலில் கையிலுள்ள தொகைக்குப் பழைய சிறு பெட்டி ஒன்றை வாங்கிப் பாருங்கள். சரக்கு ஓடினால் அந்த லாபமே பெரிய பெட்டிக்குச் சேரும். ஓடாவிட்டால் 6,000 வெள்ளி தப்பியது என்று அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்துங்கள்.

கடைப்பிடிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, கல்லாப்பெட்டியில் உள்ளதெல்லாம் நம் பணம் அன்று. மொத்த வியாபாரியின் பாக்கியும் ஆள் சம்பளமும் கடை வாடகையும் அதற்குள்ளேதான் இருக்கின்றன. அவற்றைப் பிரித்த பிறகு எஞ்சுவதே நம்முடையது. பிறர் பணத்தைத் தொட்டு வேன் வாங்கினவர், அந்த வேனிலேயே கடன் கேட்டு அலைய நேரும்.

இரண்டாவது, சேமிப்பைச் செலவுக்கு முன்னே எடுத்து வையுங்கள். இரவு கடை அடைக்கும்போது மிஞ்சினால் வைப்போம் என்று இருந்தால் ஒருநாளும் மிஞ்சாது.

மூன்றாவது, கொடுக்க வேண்டியதையும் வர வேண்டியதையும் எழுதி, மனைவி மக்களுக்குத் தெரியும்படி வையுங்கள்.

இது ஏன் அவசியம்? கடன் உள்ள ஒருவரின் ஜனாஸா வந்தபோது, அபூ கதாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தாம் ஏற்ற பின்பே நாயகம் (ஸல்) அவர்கள் தொழுகை நடத்தினார்கள். நமக்கு மவுத்து வரும் நாளில் அப்படி ஏற்றுக்கொள்ள யார் முன்வருவார் என்பதை இன்றே எண்ணிப் பார்ப்பது நல்லது. பெரும்பாலும் அந்தச் சுமை கணக்குத் தெரியாத விதவையின் தலையிலும் படிக்கிற பிள்ளைகளின் தலையிலுமே விழுகிறது.

ஆகையால் சகோதரர்களே, அடுத்த பெரிய பொருளுக்கு ஆசைப்படும்போது தவணைச் சீட்டில் கையெழுத்துப் போடுமுன் ஒரு தனிப் பெட்டியில் முதல் 10 வெள்ளியைப் போடுங்கள். ஆசை உண்மையானால் பெட்டி நிறையும். வீண் ஆசையானால் பெட்டி நிறையுமுன் அதுவே அடங்கிவிடும். நம் கணக்கை இம்மையிலேயே நேராக்கி வைக்க அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக. ஆமீன்.