வாசலில் நிற்கும் விருந்தினர்

வீடற்றவர் என்று ஒருவரைக் குறிப்பிடும்போது, அவருக்கு இல்லாதது கூரை மட்டுமே என்று பெரும்பாலும் எண்ணிவிடுகிறோம். சிறிது சிந்தித்தால் உண்மை வேறு என்பது புலப்படும். வீட்டை இழந்தவர் முகவரியை இழக்கிறார். முகவரி இல்லாதவருக்கு வேலை கிடைப்பது அரிதாகிறது. நாளடைவில், தம்மைப் பெயர் சொல்லி அழைப்பவரையும் அவர் இழந்துவிடுகிறார். நடைபாதையில் அமர்ந்திருக்கும் அவரைத் தினமும் நூற்றுக்கணக்கானோர் கடந்து செல்கின்றனர். ஒருவர் கண்ணிலும் அவர் படுவதில்லை. ஆகவே அவருக்குச் செய்யும் தொண்டு சோறும் போர்வையும் அளிப்பதோடு முடிவதில்லை. அவரை எவ்வாறு காண்கிறோம் என்பதில்தான் அது தொடங்குகிறது.

கிறிஸ்தவ மரபில் இத்தொண்டு எவ்வாறு வேரூன்றியது, அதைச் செய்தவர்கள் எதைக் கற்றார்கள் என்பதை இந்தப் பாடத்தில் சிந்திப்போம்.

அறியாமல் செய்த தொண்டு

மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் இறுதித் தீர்ப்பைப் பற்றிய ஒரு காட்சி வருகிறது. பசித்தவருக்கு உணவும், தாகமுற்றவருக்கு நீரும், அன்னியருக்குத் தங்க இடமும், ஆடையற்றவருக்கு ஆடையும் அளித்தவர்கள், நோயாளிகளையும் சிறையில் இருந்தவர்களையும் சென்று கண்டவர்கள் அனைவரும் இறைவனுக்கே அவற்றைச் செய்ததாக அங்கே ஏற்கப்படுகிறார்கள்.

பலரும் அறிந்த பகுதி இது. ஆனால் இதிலுள்ள நுட்பமான ஒரு செய்தியை நாம் எளிதில் தவறவிடுகிறோம். பாராட்டப்பட்ட அந்த நல்லவர்கள் வியப்படைகிறார்கள். இறைவனைத் தாங்கள் எப்போது பசித்தவராகக் கண்டோம் என்று கேட்கிறார்கள். அதாவது, உணவளித்த நேரத்தில் அவர்கள் புண்ணியத்தைக் கணக்கிடவில்லை. இறைவனை மகிழ்விக்க இதோ ஒரு வாய்ப்பு என்றும் எண்ணவில்லை. எதிரில் ஒருவர் பசியோடு இருந்தார், உணவளித்தார்கள்.

இங்கே ஒரு தத்துவச் சிக்கல் எழுகிறது. ஏழையிடம் இறைவனைக் கண்டு தொண்டு செய் என்று சொல்லும்போது, அந்த ஏழை நமது ஆன்மிக ஏற்றத்திற்கு ஒரு படிக்கட்டாக மட்டும் ஆகிவிட மாட்டாரா? அவருடைய முகம், பெயர், கோபம், கதை ஆகிய யாவும் மறைந்துவிடாதா? நற்செய்திக் காட்சி இதற்கு விடை தருகிறது. மனிதரை மறந்து இறைவனைக் காணும்படி அது கூறவில்லை. மனிதரை முழுமையாகக் கண்டவர்களே, தாங்கள் அறியாமலே இறைவனுக்குத் தொண்டு செய்தார்கள் என்று காட்டுகிறது.

விருந்தோம்பலின் பழைய வேர்

இந்தக் காட்சி வெறும் உவமையாக நின்றுவிடவில்லை. 4ஆம் நூற்றாண்டில், இன்றைய துருக்கி நாட்டிலுள்ள சிசேரியா நகரின் ஆயராக இருந்த புனித பசில், நகருக்கு வெளியே ஏழைகளுக்கும் வழிப்போக்கர்களுக்கும் நோயாளிகளுக்கும் இல்லங்களை எழுப்பினார். 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தமது துறவியருக்கு வகுத்த விதிகளில், மடத்திற்கு வரும் விருந்தினர் ஒவ்வொருவரையும் கிறிஸ்துவாகவே வரவேற்க வேண்டும் என்றும், ஏழைகளிடம் தனிக் கவனம் செலுத்த வேண்டும் என்றும் அறிவுறுத்தினார். செல்வரை வரவேற்க அவரது செல்வாக்கே போதும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

ஓர் இதழும் ஒரு வீடும்

இருபதாம் நூற்றாண்டில் இந்த மரபுக்குப் புத்துயிர் ஊட்டியவர்களுள் முக்கியமானவர் அமெரிக்கப் பெண்மணியான டாரதி டே (1897–1980). இளமையில் இடதுசாரி இதழ்களில் எழுதிய பத்திரிகையாளர் அவர். 1927இல் கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்தார். 1932இன் இறுதியில் பீட்டர் மாரின் என்ற பிரெஞ்சுக்காரர் அவரைத் தேடி வந்தார். கிறிஸ்தவக் குடும்பம் ஒவ்வொன்றும் வீட்டில் ஓர் அறையைக் கிறிஸ்துவின் அறையாக, அதாவது இடமற்ற விருந்தினருக்கான அறையாக ஒதுக்க வேண்டும் என்பது மாரினின் கருத்து.

அது பெரும் பொருளாதார வீழ்ச்சியின் காலம். 1933இல் அமெரிக்கத் தொழிலாளர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வேலையில்லை. அவ்வாண்டு மே 1 அன்று நியூயார்க்கின் யூனியன் சதுக்கத்தில் ‘கத்தோலிக் ஒர்க்கர்’ என்ற இதழ் விற்பனைக்கு வந்தது. அச்சிட்டவை 2,500 பிரதிகள். விலை ஒரு சென்ட். விருந்தோம்பலைப் பற்றி இதழில் படித்தவர்கள் வாசலில் வந்து நின்றார்கள். எழுதியதை வாழ்ந்து காட்ட வேண்டிய கட்டாயம் எழுந்தது. இவ்வாறு பிறந்தவையே விருந்தோம்பல் இல்லங்கள்.

அங்கே தொண்டாற்றியவர்களுக்கு ஊதியம் இல்லை. விருந்தினரோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்து, ஒரே உணவை உண்டார்கள். மனிதர்கள் தெருவுக்கு வரக் காரணமான அநீதிகளையும் இதழ் இடைவிடாது எடுத்துரைத்தது. பசித்தவருக்கு உணவளிப்பதும், அவர் ஏன் பசித்தார் என்று கேட்பதும் டாரதி டேக்கு ஒரே கடமையின் இரு பகுதிகள்.

இருவரில் யாரிடம்?

பின்னாளில் புகழ்பெற்ற உளநல மருத்துவரான ராபர்ட் கோல்ஸ், 1952இல் மருத்துவ மாணவராக இருந்தபோது டாரதி டேயைக் காணச் சென்றார். டாரதி ஒரு மேசையருகே, மது மயக்கத்தில் தொடர்பின்றிப் பேசிக்கொண்டிருந்த ஒரு பெண்ணுடன் அமர்ந்திருந்தார். அப்பெண்ணின் பேச்சு முடிவதாக இல்லை. டாரதி பொறுமையோடு கேட்டுக்கொண்டிருந்தார். இறுதியில் சிறிது இடைவெளி கிடைத்ததும் எழுந்து வந்து, தங்கள் இருவரில் ஒருவருடன் பேசக் காத்திருக்கிறீர்களா என்று கோல்ஸைக் கேட்டார்.

வந்தவர் தம்மைக் காணத்தான் வந்திருக்கிறார் என்று டாரதி முடிவுசெய்துகொள்ளவில்லை. அந்த மேசையில் ஒருவர் புகழ்பெற்றவர், மற்றவர் பரிதாபத்துக்குரியவர் என்ற வேறுபாடே அவர் மனத்தில் இல்லை. தொண்டின் நுணுக்கம் முழுவதையும் அந்த ஒரு கேள்வி கற்பித்துவிடுகிறது. அதைத் தம் வாழ்நாள் முழுவதும் கோல்ஸ் நினைவுகூர்ந்தார்.

வைர மோதிரம்

டாரதியுடன் பணியாற்றியவர்கள் கூறிவந்த மற்றொரு நிகழ்ச்சி. செல்வப் பெண்மணி ஒருவர் இல்லத்திற்கு ஒரு வைர மோதிரத்தை நன்கொடையாக அளித்தார். அங்கே அடிக்கடி உணவுக்கு வரும், எதற்கெடுத்தாலும் குறைகூறும் ஒரு மூதாட்டியிடம் டாரதி அதைக் கொடுத்துவிட்டார். விற்றிருந்தால் அம்மூதாட்டியின் வாடகைக்கு நெடுநாள் உதவியிருக்குமே என்று தொண்டர் ஒருவர் கேட்டார். விற்பதா, அணிந்து மகிழ்வதா என்பதை அவரே முடிவுசெய்யட்டும் என்பது டாரதியின் பதில். வைரத்தை இறைவன் செல்வருக்கு மட்டுமா படைத்தான் என்ற பொருளிலும் அவர் கேட்டாராம்.

இது விவேகமா என்று நாம் விவாதிக்கலாம். எனினும் இதன் உட்கருத்தை மறுக்க இயலாது. ஏழைக்கு எது தேவை என்று முடிவுசெய்யும் அதிகாரம் தன்னிடமே இருப்பதாகக் கொடுப்பவர் எண்ணிக்கொள்கிறார். அந்த எண்ணம் அகங்காரத்தின் மெல்லிய வடிவம்.

ஏழு ஆலயங்கள், ஏழு இரவுகள்

எல்லோராலும் டாரதி டேயைப்போல் வாழ இயலுமா? இயலாது. பிரிட்டனின் பல ஊர்களில் உள்ளூர்த் திருச்சபைகள் கண்ட ஒரு வழி இங்கே கருதத்தக்கது. கடுங்குளிர் மாதங்களில் ஏழு ஆலயங்கள் ஒன்றுசேரும். வாரத்தில் ஓர் இரவை ஒவ்வோர் ஆலயமும் ஏற்கும். அன்று அதன் கூடம் தங்குமிடமாகிறது. மாலையில் வரவேற்பவர், சமைப்பவர், இரவில் விழித்திருப்பவர், காலை உணவு தருபவர் எனத் தொண்டர்கள் பணியைப் பகிர்ந்துகொள்கின்றனர். வருபவர்களை ‘விருந்தினர்’ என்றே அழைக்கின்றனர். அவர்களோடு ஒரே மேசையில் அமர்ந்து உண்கின்றனர். 2020இல் பெருந்தொற்று பரவியபோது பலர் ஒரே கூடத்தில் உறங்குவது ஆபத்தானது. பல ஊர்களில் தனி அறைகளுக்கு ஏற்பாடு செய்தார்கள். விருந்தினரின் தனிமைக்கும் மதிப்புக்கும் தனி அறையே ஏற்றது என்ற உணர்வும் அதனால் வலுப்பெற்றது.

ஓர் ஊர், ஓர் இரவு, ஒரு கிண்ணம் சூப். எளிய மனிதர்கள் தங்களால் இயன்ற அளவைப் பகிர்ந்துகொள்ளும்போது, ஒருவரால் இயலாதது கைகூடுகிறது.

சாதகனின் சிந்தனைக்கு

இத்தொண்டில் இறங்குபவருக்கு ஏமாற்றங்கள் காத்திருக்கின்றன. நன்றி கிடைக்காமல் போகலாம், வசைமொழி கிடைக்கலாம். நேற்று திருந்தியவராகத் தோன்றியவர் இன்று மீண்டும் குடித்துவிட்டு வரலாம். அப்போதுதான் நமது தொண்டு எதை எதிர்பார்த்துச் செய்யப்பட்டது என்பது நமக்கே தெரியவருகிறது. பலனை நாடாத செயல் என்று நாம் ஓதும் பாடத்திற்கு உண்மையான தேர்வுக்கூடம் அந்த வாசல்தான்.

மூன்று கேள்விகளை நமக்கு நாமே கேட்டுக்கொள்வோம். நான் உதவியவரின் பெயர் எனக்குத் தெரியுமா? அவர் பேசும்போது நான் முழுமையாகக் கேட்டேனா, அல்லது என் நல்ல செயல் விரைவில் முடியட்டும் என்று காத்திருந்தேனா? அவருடன் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ண என் மனம் இசைகிறதா?

1980 நவம்பர் 29 அன்று டாரதி டே காலமானார். அவர் உயிர் பிரிந்தது, வீடற்ற பெண்களுக்காக நியூயார்க்கில் தாம் நிறுவிய இல்லத்தின் ஓர் அறையில். யாருக்காக வாசலைத் திறந்தாரோ, அவர்களுள் ஒருவராகவே அவரும் விடைபெற்றார். நமது தெருவிலும் ஒரு வாசல் இருக்கிறது. அங்கே நிற்பவரை நிமிர்ந்து பார்த்து, அவர் பெயரைக் கேட்பதிலிருந்து இன்றே தொடங்கலாம்.