குளிரும் கசிவும்

உரைநடை உலகம்

நுழையும்முன்

கடற்கரையில் வாழ்வோர்க்குக் காற்று உறவும் ஆகும், பகையும் ஆகும். மீனை உலர்த்தும் அதே காற்று இரும்பையும் அலுமினியத்தையும் அரிக்கிறது. பழைய கார் ஒன்றின் குளிர்சாதனம் ஏன் பழுதுபடுகிறது, அப்பழுதை எவ்வாறு முறையாக அறிந்து நீக்குவது என்பவற்றைப் பழவேற்காட்டுக் கரையை முன்னிறுத்தி இப்பாடம் விளக்குகிறது. தொழில் அறிவும் சூழல் அறிவும் ஒன்றே என்பதை இதன்வழி உணரலாம்.

உப்புக்காற்று வீசும் ஊர்

திருவள்ளூர் மாவட்டத்தின் பொன்னேரி வட்டத்தில், சென்னைக்கு வடக்கே அமைந்துள்ளது பழவேற்காடு. ஒடிசாவின் சிலிக்கா ஏரிக்கு அடுத்து, இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இங்குள்ளது. தமிழ்நாடு, ஆந்திரம் ஆகிய இரு மாநிலங்களிலும் அது பரந்து கிடக்கிறது. ஆரணியாறும் காளங்கியாறும் சுவர்ணமுகியும் நன்னீரைக் கொணர, முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் உட்புகுகிறது. ஏரியையும் வங்கக் கடலையும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவு பிரித்து நிற்கிறது.

இக்கரையோரக் குப்பங்களில் குளிர் என்பது ஆடம்பரம் அன்று. பிடித்த இறாலும் மடவையும் சந்தைக்குச் செல்லும்வரை கெடாமல் இருக்க ஐஸ் வேண்டும். மீன் ஏற்றும் வண்டியாயினும், பயணிகளை ஏற்றும் பழைய வாடகைக் காராயினும், அதன் உழைப்பில் ஒரு குடும்பம் வாழ்கிறது. கோடையில் குளிர்சாதனம் நின்றுபோன காருக்கு வாடகை குறைகிறது. அதனைச் சரிசெய்யும் செலவோ பல நாள் வருவாயை விழுங்குகிறது. எனவே, பழுதைச் சரியாகக் கண்டறிதல் இங்கு வாழ்வாதாரத்தோடு தொடர்புடையதாகிறது.

குளிர் உண்டாக்கப்படுவதில்லை

குளிர்சாதனம் குளிரை உண்டாக்குகிறது என்பது பொதுவான எண்ணம். உண்மையில் அது வெப்பத்தை ஓரிடத்திலிருந்து எடுத்து வேறோரிடத்தில் விடுகிறது. ஈரத்துணி காற்றில் உலரும்போது குளிர்வதை நாம் அறிவோம். நீர்மம் ஆவியாகும்போது சுற்றுப்புறத்திலிருந்து வெப்பத்தை ஈர்த்துக்கொள்கிறது. ஆவி மீண்டும் நீர்மமாகும்போது அவ்வெப்பத்தை வெளிவிடுகிறது. இவ்விரு மாற்றங்களையும் மூடிய குழாய்க்குள் இடைவிடாது நிகழ்த்துவதே குளிர்சாதனத்தின் பணியாகும். இம்முறையில் இயங்கும் கருவிக்கு ஜேக்கப் பெர்க்கின்ஸ் 1834-இல் காப்புரிமை பெற்றார்.

காரில் இப்பணியை நான்கு முதன்மை உறுப்புகள் பகிர்ந்துகொள்கின்றன. எஞ்சினால் சுழலும் கம்ப்ரசர், குளிர்பதன வாயுவை அழுத்திச் சூடாக்குகிறது. முன்புறம் ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டன்சரில் அவ்வாயு வெப்பத்தை வெளிக்காற்றுக்குக் கொடுத்து நீர்மமாகிறது. விரிவு வால்வின் நுண்ணிய துளையைக் கடக்கும்போது அந்நீர்மத்தின் அழுத்தம் திடீரெனக் குறைகிறது. பின்னர், டாஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள கூலிங் காயிலில் அது கொதித்து ஆவியாகி, காரினுள் இருக்கும் காற்றின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. இடையே டிரையர் என்னும் சிறு உருளை ஈரத்தை உறிஞ்சி நிற்கிறது. இவ்வாயு எரிபொருளைப் போல எரிந்து தீர்வதில்லை. ஆகவே, அது குறைந்துவிட்டது என்றால் எங்கோ கசிந்துள்ளது என்பதே பொருள்.

நோய்முதல் அறிதல்

நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்யவேண்டும் என்பது திருக்குறளின் மருந்து அதிகாரம் தரும் அறிவுரை. பட்டறைக்கும் அது பொருந்தும். குளிர் குறைந்தவுடன் “கேஸ் போட்டால் சரியாகிவிடும்” என்று கூறுவது, காய்ச்சலின் காரணத்தை அறியாமல் மாத்திரை கொடுப்பதற்கு ஒப்பாகும்.

கருவிகளைத் தொடுமுன் புலன்களால் அறிய வேண்டியவை பல. கார் ஓடும்போது குளிர்ந்து, நிற்கும்போது வெப்பமடைந்தால், கண்டன்சர் விசிறியையோ கண்டன்சரில் படிந்த தூசியையோ ஐயுறவேண்டும். கடற்காற்றில் விசிறியின் மின் இணைப்புகள் பச்சை பூத்துச் செயலிழப்பதும் உண்டு. வரும் காற்று குளிர்ச்சியாக இருந்தும் அளவில் குறைந்தால், காற்று வடிகட்டியைக் கழற்றிப் பார்க்கவேண்டும். சற்று நேரம் குளிர்ந்து, பின் நின்று, மீண்டும் குளிர்ந்தால், உள்ளே புகுந்த ஈரம் விரிவு வால்வின் துளையில் பனிக்கட்டியாகி அடைத்து, பின்பு உருகுகிறது என ஐயுறலாம்.

கம்ப்ரசரின் கிளட்ச் பிடிக்கவே இல்லையெனில் மின்சாரமும் வாயுவும் சோதிக்கப்படவேண்டும். வாயு மிகக் குறைந்தால் அழுத்தச் சுவிட்சு கம்ப்ரசரை நிறுத்திவிடும். இதனைப் பழுது எனக் கருதி, ஒரு கம்பியால் சுவிட்சைக் கடந்து இணைப்பது பெருந்தவறு. கம்ப்ரசருக்கு உயவூட்டும் எண்ணெய் வாயுவோடு கலந்தே சுற்றிவருகிறது. வாயு இல்லாமல் ஓடும் கம்ப்ரசர் எண்ணெயின்றித் தேய்ந்து இறுகிவிடும். சிறு கசிவு பெருஞ்செலவாவது இவ்வாறுதான்.

அழுத்தமானிகள் கூறுவன

அடுத்து இரு அழுத்தமானிகள் இணைக்கப்படுகின்றன. நீலக்குழாய் தாழழுத்தப் பக்கத்தையும் சிவப்புக்குழாய் உயரழுத்தப் பக்கத்தையும் காட்டும். எஞ்சின் ஓடும்போது இரண்டும் தாழ்ந்திருந்தால் வாயுக் குறைவு எனக் கருதலாம். இரண்டும் மிக உயர்ந்திருந்தால் கண்டன்சருக்குக் காற்று போதவில்லை, அல்லது வாயு அளவுக்கு மிஞ்சியுள்ளது. தாழ்பக்கம் உயர்ந்தும் உயர்பக்கம் தாழ்ந்தும் இருந்தால் கம்ப்ரசர் வலுவிழந்துள்ளது எனக் கொள்ளலாம். தாழ்பக்கம் வெற்றிடத்தை நோக்கிச் சென்றால் எங்கோ அடைப்பு உள்ளது.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. எஞ்சின் நீண்ட நேரம் நின்றிருக்கும்போது இரு மானிகளும் ஒரே அளவைக் காட்டும். ஆர் 134ஏ என்னும் வாயு உள்ள காரில், 30 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் அது சதுர அங்குலத்திற்கு ஏறத்தாழ 97 பவுண்டு ஆகும். உள்ளே சிறிதளவு நீர்மம் எஞ்சியிருக்கும்வரை, வாயு நிறைவாக இருந்தாலும் பாதியாக இருந்தாலும் இவ்வளவு மாறாது. எனவே, நின்ற நிலையில் மானியை மட்டும் பார்த்து “வாயு சரியாக உள்ளது” எனல் பிழையாகும். காரின் முன்மூடியின் உட்புறம் ஒட்டப்பட்ட தாளில் எத்தனை கிராம் என்று குறித்திருப்பார்கள். அந்த அளவை எடைக்கருவியில் நிறுத்து நிரப்புவதே முறையாகும்.

கசிவைக் கண்டறிதல்

வாயு வெளியேறும் இடத்தில் எண்ணெயும் கசியும். அதில் தூசி ஒட்டிக் கரும்படலம் உருவாகும். ஆகவே, முதலில் இணைப்புகளிலும் கண்டன்சரின் அடிப்பகுதியிலும் எண்ணெய்க் கறையைத் தேடவேண்டும். பின்பு உலர்ந்த நைட்ரஜனால் அழுத்தம் கொடுத்து, சோப்பு நுரையைத் தடவினால் கசிவிடத்தில் குமிழி எழும். புற ஊதா ஒளியில் ஒளிரும் சாயமும் இதற்குப் பயன்படுகிறது. ஆக்சிஜனை ஒருபோதும் பயன்படுத்தலாகாது. எண்ணெயோடு சேர்ந்து அது வெடிக்கக்கூடும்.

இக்கரையில் முதலில் ஐயுறத்தக்கது கண்டன்சரே. காரின் முகப்பில் நின்று உப்பு படிந்த காற்றை எந்நேரமும் அது எதிர்கொள்கிறது. ஈரமும் உப்பும் சேர்ந்து அலுமினியக் குழாயில் நுண்துளை இடுகின்றன. ஏரிக்கரையில் ஓடிய காரின் கண்டன்சரை அடிக்கடி மென்மையான நன்னீர்த் தாரையால் கழுவுதல் எளிய காப்பாகும்.

கசிந்த உறுப்பை மாற்றிய பின், இணைப்புகளின் ரப்பர் வளையங்களையும் டிரையரையும் புதிதாக இடவேண்டும். அதன்பின் பம்பினால் உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றவேண்டும். நீர் 100 டிகிரியில் கொதிப்பது கடல்மட்ட வளியழுத்தத்தில் மட்டுமே. ஆழ்ந்த வெற்றிடத்தில் 30 டிகிரியிலேயே அது கொதித்து வெளியேறிவிடும். பம்பை நிறுத்திய பின்னும் வெற்றிடம் குறையாமல் நின்றால்தான் வாயு நிரப்பலாம். இப்பணிகளின்போது கண்ணாடியும் கையுறையும் கட்டாயம் அணியவேண்டும். ஆர் 134ஏ இயல்பான அழுத்தத்தில் சுழியத்திற்குக் கீழ் 26 டிகிரியிலேயே கொதிக்கும். அது தெறித்தால் தோலும் கண்ணும் உறைந்து புண்ணாகும்.

தெரியுமா?

இயற்கைப் பனிக்கட்டியைக் கப்பலில் ஏற்றி விற்ற அமெரிக்க வணிகர் ஃபிரடெரிக் டியூடர், 1842-இல் சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுசைக் கட்டினார். 1897-இல் சுவாமி விவேகானந்தர் அங்குத் தங்கினார். இன்று அது விவேகானந்தர் இல்லம் என வழங்கப்படுகிறது.

விண்ணில் சேரும் கடன்

1990-களின் நடுப்பகுதிக்கு முன் செய்யப்பட்ட கார்களில் பெரும்பாலும் ஆர் 12 என்னும் குளோரோபுளோரோ கார்பன் வாயுவே இருந்தது. இத்தகைய வாயுக்கள் மேல்வளியில் சென்று ஓசோனை அழிக்கக்கூடும் என மரியோ மோலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் 1974-இல் எடுத்துக்காட்டினர். 1987 செப்டம்பர் 16-இல் மான்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. இந்தியா 1992-இல் அதில் இணைந்தது. பின்னர் கார்களில் ஆர் 12-இன் இடத்தை ஆர் 134ஏ பெற்றது. எனினும், பழைய காரில் வாயுவை மட்டும் மாற்றினால் போதாது. ஆர் 12-க்கு உரிய கனிம எண்ணெய் ஆர் 134ஏ வாயுவோடு கலவாது. எண்ணெய், டிரையர், இணைப்பு வளையங்கள் ஆகியனவும் மாற்றப்படவேண்டும்.

ஆர் 134ஏ ஓசோனை அழிப்பதில்லை; ஆயினும் புவியை வெப்பமாக்கும். ஒரு நூற்றாண்டுக் கணக்கில், அதன் 1 கிலோ ஏறத்தாழ 1,430 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு இணையான வெப்பத்தைத் தேக்குகிறது. ஒரு காரிலிருந்து அரை கிலோ கசிந்தால், 715 கிலோ கார்பன் டை ஆக்சைடை வெளிவிட்டதற்கு ஒப்பாகும். கசிவை அடைக்காமல் ஆண்டுதோறும் வாயு நிரப்பும் காரின் உரிமையாளர் தம் பணத்தை மட்டும் இழப்பதில்லை. இத்தகைய வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க 2016-இல் கிகாலியில் ஒப்பந்தம் உருவானது. இந்தியா அதனை 2021-இல் ஏற்றது.

பழவேற்காட்டு மீனவரிடையே ‘பாடு’ என்னும் வழக்கம் உண்டு. ஏரியில் வலையிடும் உரிமையை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. பொதுவான நீரை ஒருவர் மட்டும் விரும்பியவாறு துய்க்கலாகாது என்பதே அதன் அடிப்படை. வளிமண்டலமும் அத்தகைய பொதுச்சொத்தே. புவி வெப்பத்தால் உயரும் கடல் முதலில் தொடுவது தாழ்ந்த கரையில் வாழ்வோரின் வாசலைத்தான். வாயுவை வெளியே திறந்துவிடாமல் கருவியால் மீட்டெடுத்து, கசிவை அடைத்து, அளந்து நிரப்பும் தொழிலாளி, தம் வாடிக்கையாளருக்கு மட்டுமன்றி அக்கரைக்கும் நன்மை செய்கிறார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் உள்ள வாகனப் பட்டறைக்குச் சென்று, அங்கு வழங்கும் தொழிற்சொற்களைத் தொகுத்து, அவற்றுக்குத் தமிழ்ச்சொற்களை எழுதுக.
2. ‘பொதுச்சொத்தைப் பகிர்தல்’ என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

குறுவினா
1. குளிர்சாதனம் குளிரை உண்டாக்குவதில்லை என்பது ஏன்?
2. அழுத்தச் சுவிட்சைக் கம்பியால் கடந்து இணைப்பதால் விளையும் தீங்கு யாது?

சிறுவினா
1. நின்ற நிலையில் அழுத்தமானியை மட்டும் கொண்டு வாயுவின் அளவைக் கணிக்க இயலாமைக்குக் காரணம் தருக.
2. கசிவைக் கண்டறியும் முறைகளைத் தொகுத்து எழுதுக.

நெடுவினா
‘முறையான பழுதுநீக்கம் சூழலுக்குச் செய்யும் தொண்டு’ – இக்கூற்றைப் பாடப்பகுதியைக் கொண்டு நிறுவுக.