வியர்வை எதற்காக?

(பத்தாம் வகுப்பு மாணவி)



அரையாண்டுத் தேர்வில், "மனித உடலின் கழிவு நீக்க உறுப்புகள் யாவை?" என்று ஒரு வினா வந்திருந்தது. சிறுநீரகம், நுரையீரல், தோல் என்று எழுதி முழு மதிப்பெண்ணும் பெற்றேன். விடைத்தாளைக் கொடுக்கும்போது விஞ்ஞானம் கற்பிக்கும் சிஸ்டர் என்னைப் பார்த்து, "கோடை விடுமுறைக்குக் கொடைக்கானலில் உன் பெரியம்மா வீட்டில் இருந்தாயே, அங்கே வியர்த்ததா?" என்றார்கள். "வியர்க்கவே இல்லை, சிஸ்டர்" என்றேன். "அப்படியானால் அத்தனை நாள் கழிவும் எங்கே போயிற்று?" என்றார்கள். வகுப்பே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பாடப் புத்தகத்தில் இருப்பதைத்தானே எழுதினேன்! அந்த வினாவுக்கு விடை தேடிப் போனபோது அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

நம் உடலில் 20 முதல் 40 லட்சம் வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இவை மிக நெருக்கமாக இருக்கின்றன. (கணக்குத் தேர்வன்று பேனா வழுக்குவதன் காரணம் இதுவே. பயத்தில் கை வியர்ப்பதற்கு வெயில் தேவையில்லை!) ஒவ்வொரு சுரப்பியும் ஒரு மெல்லிய குழாய். அதன் அடிப்பாகம் நூற்கண்டு போலச் சுருண்டு தோலின் உள்ளடுக்கில் கிடக்கிறது. மேற்பாகம் நாளமாக எழுந்து வந்து, தோலின் மேற்பரப்பில் ஒரு நுண்துளையாகத் திறக்கிறது. சுருளைச் சுற்றி இரத்தத் தந்துகிகள் பின்னிக் கிடக்கின்றன.

உடல் வெப்பம் கூடியதும், மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் அதை உணர்ந்து நரம்புகள் வழியே ஆணை அனுப்புகிறது. நரம்பு நுனியில் அசிட்டைல்கோலின் என்னும் பொருள் வெளிப்பட, சுருளிலுள்ள செல்கள் உப்பைக் குழாய்க்குள் தள்ளுகின்றன. உப்பைத் தொடர்ந்து நீரும் செல்கிறது. அப்போது அந்த நீர் இரத்த நீரைப் போலவே கரிக்கும். ஆனால் நாளத்தின் வழியே மேலே ஏறும்போது, நாளச் சுவர் அந்த உப்பில் பெரும்பகுதியை மீண்டும் உள்ளே இழுத்துக் கொள்கிறது. வீட்டுச் செலவில் அம்மா மிச்சம் பிடிப்பது போலத்தான். மெதுவாக வியர்க்கும்போது உப்பு நன்றாக மிச்சமாகும். வியர்த்துக் கொட்டும்போது இழுத்துக்கொள்ள நேரம் போதாது. உப்பு வெளியே போய்விடும்.

சரி, இவ்வளவும் எதற்காக? வீட்டிலுள்ள மண்பானையைப் பாருங்கள். அதன் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகும்போது பானையின் வெப்பத்தையும் எடுத்துச் செல்கிறது. உள்ளே இருக்கும் நீர் குளிர்கிறது. நம் தோலும் அவ்விதமே. ஒரு கிராம் வியர்வை ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். ஒரு கிராம் நீரை 0 டிகிரியிலிருந்து 100 டிகிரி வரை சூடாக்க 100 கலோரியே போதும் என்று இயற்பியலில் படித்திருக்கிறோம். எத்தனை வேறுபாடு!

இதற்கு மிக வேடிக்கையான ஒரு சான்று உண்டு. 1774-ஆம் ஆண்டு லண்டனில் சார்லஸ் பிளாக்டன் என்னும் மருத்துவரும் அவருடைய நண்பர்களும், அடுப்பு மூட்டிச் சூடாக்கிய ஓர் அறைக்குள் நுழைந்தார்கள். அறையின் வெப்பம் சுமார் 127 டிகிரி செல்சியஸ் வரை ஏறியது. அந்த அறையில் வைத்த முட்டை வெந்து கெட்டியாயிற்று. இறைச்சித் துண்டு முக்கால் மணி நேரத்தில் வெந்து காய்ந்தே போயிற்று. மனிதர்களோ சில நிமிடங்கள் நின்றுவிட்டு நலமாக வெளியே வந்தார்கள்! ஒரு பாத்திரத்தில் வைத்த நீரும் கொதிக்கவில்லை. ஆவியாகி ஆவியாகித் தன்னைத் தானே குளிர்வித்துக் கொண்டது. அதன் மேல் சிறிது எண்ணெய் விட்டு ஆவியாவதைத் தடுத்த பிறகே கொதித்தது. அறைக் காற்று உலர்ந்து இருந்ததால் அவர்கள் பிழைத்தார்கள். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் சொட்டும். சொட்டும் வியர்வையால் குளிர்ச்சி இல்லை. கடற்கரை ஊர்க்காரர்கள் புழுக்கம் புழுக்கம் என்று விசிறுவது இதனால்தான்.

இப்போது சிஸ்டரின் வினாவுக்கு வருகிறேன். வியர்வையில் 99 விழுக்காடு நீர். மீதியில் உப்பே அதிகம். யூரியா, லாக்டிக் அமிலம், அம்மோனியா முதலியன சிறிதளவு உண்டு. ஆகவே தோல் கழிவை நீக்குகிறது என்பது பொய்யன்று. ஆனால் வியர்வையில் யூரியாவின் செறிவு இரத்தத்தில் உள்ளதை ஒட்டியே இருக்கிறது. சிறுநீரிலோ அது பல மடங்கு. சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிகட்டி, வேண்டியதைத் திரும்ப எடுத்துக்கொண்டு, ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராக வெளியேற்றுகின்றன. கொடைக்கானலில் நான் போர்வைக்குள் இருந்தபோதும் அவை ஓயவில்லை. சிறுநீரகம் முற்றிலும் பழுதடைந்து, சிகிச்சையும் கிட்டாத நோயாளிகளுக்கு வியர்வை காய்ந்த இடத்தில் யூரியா வெண்பனி போலத் தோலில் படிவதுண்டாம். அப்போதும் தோலால் அவர்களைக் காப்பாற்ற முடிவதில்லை. படித்தபோது மனம் கனத்தது.

வியர்வை கழிவு, ஆகவே அழுக்கு, ஆகவே நாற்றம் என்று நான் நினைத்திருந்தேன். அந்த நினைப்பால் ஒரு தவறும் செய்தேன். என் பக்கத்தில் அமரும் தோழி பேருந்து வசதியில்லாத கிராமத்திலிருந்து தினமும் மூன்று கிலோமீட்டர் நடந்து வருகிறாள். காலைப் பிரார்த்தனைக்கு வரும்போதே அவள் ரவிக்கையின் முதுகு நனைந்திருக்கும். ஜூலை மாதம் வகுப்புத் தலைவியிடம் சொல்லி என் இடத்தை மாற்றிக்கொண்டேன். காரணத்தை அவள் கேட்கவில்லை. கேட்காமலே அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

உண்மையில் வெயிலில் வரும் வியர்வைக்கு அநேகமாக மணமே இல்லை. அக்குள் முதலிய சில இடங்களில் மட்டும் வேறு வகைச் சுரப்பிகள் உள்ளன. அவை நம் வயதில்தான் வேலை செய்யத் தொடங்குகின்றன. அவற்றின் நீரும் சுரக்கும்போது மணமற்றதே. தோலில் வாழும் பாக்டீரியாக்கள் அதைச் சிதைப்பதால்தான் நாற்றம் எழுகிறது. அந்தச் சுரப்பிகள் அவளுக்கும் உண்டு, எனக்கும் உண்டு, மின்விசிறியின் கீழ் அமர்ந்திருக்கும் எல்லாருக்கும் உண்டு. குளித்து, துவைத்த ஆடை உடுத்தினால் குறையும். இன்னொரு செய்தி: நுண்கிருமிகளைக் கொல்லும் டெர்ம்சிடின் என்னும் பொருள் வியர்வையிலேயே இருப்பதை 2001-இல் ஜெர்மனி விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். நான் அழுக்கென்று ஒதுங்கிய நீர் தோலுக்குக் காவல் நிற்கிறது!

நவம்பரில் பழைய இடத்துக்கே போய் அமர்ந்தேன். அவள் ஒன்றும் சொல்லாமல் புத்தகப் பையை நகர்த்தி இடம் கொடுத்தாள். இரண்டு நாள் கழித்து இக்கட்டுரைக்காக எழுதி வைத்திருந்ததை அவளிடம் படித்துக் காட்டினேன். 1923-இல் இங்கிலாந்தில், வெப்பம் மிகுந்த ஆழ்சுரங்கங்களில் வியர்த்து உழைத்த நிலக்கரித் தொழிலாளர்களுக்குத் தசைப்பிடிப்பு வந்ததையும், வியர்வையில் போன உப்பை ஈடு செய்யாமல் வெறும் நீரையே நிறையக் குடித்ததுதான் காரணம் என்று மோஸ் என்பவர் எழுதியதையும் சொன்னேன்.

"இதற்கு இங்கிலாந்து வரை போக வேண்டுமா? நான் புறப்படும்போது எங்கள் ஆயா தினமும் ஒரு செம்பு நீராகாரத்தில் உப்புப் போட்டுக் கொடுக்கும். 'நடக்கிற பிள்ளை, உப்பு வேண்டும்' என்று சொல்லும்" என்றாள்.