சாய்வெழுத்தும் நம் விலைப் பட்டியலும்

கடைப் பலகை, பில், லேபிள் எல்லாம் இன்று கம்ப்யூட்டரில்தான் தயாராகின்றன. அச்சகத்துப் பையன் பத்து மாதிரிகளைத் திரையில் காட்டி, "எது வேணும் அண்ணாச்சி?" என்கிறான். நாமும் எடுப்பாகத் தெரிவதைக் காட்டிவிட்டு வந்து விடுகிறோம். பெரும்பாலும் அது சாய்வெழுத்தாக இருக்கும்.

ஆங்கில எழுத்தில் இது பழைய வழக்கம். 1501-ல் வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனுசியஸ் என்பவர், கையெழுத்தைப் போல் நெருக்கமாக ஓடும் சாய்வெழுத்தில் ஒரு புத்தகத்தையே அச்சிட்டார். முனையில் கொக்கி இல்லாத மொட்டை எழுத்து 1816-ல் லண்டனில் வந்தது. இரண்டும் சேர்ந்ததே இன்றைய நவீன சாய்வெழுத்து. தேர்ந்தவர்கள் நிமிர்ந்த எழுத்தை வெறுமனே சாய்ப்பதில்லை, புதிதாக வரைகிறார்கள். கில் சான்ஸ் என்ற எழுத்தில் சாய்வு வகையின் சிறிய 'ஏ' வடிவமே வேறு. ஒரு சொல்லை மட்டும் தனித்துக் காட்டுவதுதான் இதன் வேலை. மிளகின் தாவரப் பெயரை, பைப்பர் நைக்ரம் என்று, அறிவியல் நூல்களில் சாய்த்தே போடுவார்கள்.

தமிழில் கதை வேறு. விண்டோஸோடு வரும் லதா, நிர்மலா எழுத்துகளில் சாய்வுக்கென்று தனி வரைவு கிடையாது. பொத்தானை அழுத்தினால் கம்ப்யூட்டர் எழுத்தைப் பிடித்துத் தள்ளி விடுகிறது, அவ்வளவுதான். ண, ன, ள ஆகியவற்றின் சுழிகள் நசுங்குகின்றன. புள்ளி நகர்ந்து அடுத்த எழுத்தின் தலையில் உட்கார்ந்தது போல் தெரிகிறது.

கல்லாவில் உள்ள பில் மிஷினோ பெரும்பாலும் மில்லிமீட்டருக்கு 8 புள்ளிதான் போடும். நேர்கோடு சுத்தமாக விழும். சாய்கோடு படிக்கட்டாக விழும். எழுத்து சிறுத்தால் 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் தெரியாது.

இது நாம் பட்டு அறிந்தது. ஒரு சீசனில் விலைப் பட்டியலை மெல்லிய சாய்வெழுத்தில் அடித்துக் குற்றாலத்துக் கடைகளுக்குக் கொடுத்தோம். ஐந்தருவிப் பக்கம் ஒரு சிறு கடைக்காரர் 38 ரூபாயை 33 என்று படித்து, ஒரு வாரம் 35-க்கு விற்றிருக்கிறார். கணக்கு முடிக்க வந்தபோதுதான் தெரிந்தது. "எனக்குத்தான் கண்ணு மங்கிட்டு அண்ணாச்சி" என்றார். மங்கலாக இருந்தது நாம் கொடுத்த காகிதம். பாதி நஷ்டத்தை ஏற்றுக்கொண்டோம். முழுவதும் ஏற்றிருக்க வேண்டும் என்று இன்றும் தோன்றுகிறது.

பாக்கெட் சரக்குக்குச் சட்டமே உண்டு. 2011-ஆம் ஆண்டு விதிகளின்படி எடை, விலை முதலிய விவரங்கள் தெளிவாகப் படிக்கும்படி இருக்க வேண்டும். எழுத்தின் அகலம், 1 போன்றவை நீங்கலாக, உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. ஒல்லியாக நெருக்கிய எழுத்துகள் இங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

சாய்வெழுத்தே வேண்டாம் என்பதல்ல. சிப்ஸ் கடைப் பலகையில் பெயரை ஓரடி உயரத்தில் சாய்த்து எழுதினால், சாரலில் வண்டிக்குள்ளிருந்து பார்ப்பவருக்கும் தெரியும். கீழே சரக்கும் விலையும் நிமிர்ந்தே நிற்கட்டும்.

அச்சகத்தில் திரையைப் பார்த்துச் சம்மதம் சொல்லாதீர்கள். அதே காகிதத்தில் அதே அளவில் ஒன்று அடித்து வாங்கி, 3, 5, 6, 8 நான்கையும் கடையில் மூத்தவர் ஒருவரிடம் கொடுத்துக் கண்ணாடி இல்லாமல் வாசிக்கச் சொல்லுங்கள்.