திரைச்சீலையிலிருந்து நாள்காட்டிக்கு

நுழையும்முன்

வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டியில் முருகன் நம்மை நேருக்குநேர் பார்க்கிறான். பின்புறம் உருண்ட தூண்களும் மடித்துக் கட்டிய பட்டுத்திரையும் தொலைவில் ஒரு மலையும் தெரிகின்றன. இத்தோற்றம் எங்கிருந்து வந்தது? கோயிற் சிற்பங்களில் இதற்குப் பாதி விடைதான் கிடைக்கும். மறுபாதி நாடக மேடையில் இருக்கிறது.

மேடையில் நின்ற தெய்வம்

சிவகாசியில் 1886ஆம் ஆண்டு பிறந்தவர் விசுவநாததாஸ். விடுதலை உணர்வூட்டும் பாடல்களை மேடையில் பாடியமைக்காகப் பலமுறை சிறை சென்ற நடிகர். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் ‘வள்ளி திருமணம்’ நாடகம் நடந்தது. மயில்மீது முருகனாக அமர்ந்து பாடிக்கொண்டிருக்கையிலேயே அவர் உயிர் பிரிந்தது. அக்கால மக்களுக்கு முருகன் கருவறையில் மட்டும் இருந்தவனல்லன். எண்ணெய் விளக்கொளியிலும் பெட்ரோமாக்ஸ் ஒளியிலும் அரிதாரம் பூசி, அவையோரை நோக்கிப் பாடியவனும்கூட.

அந்த முருகனுக்குப் பின்னால் ஒரு திரை தொங்கும். அரண்மனை, நந்தவனம், காடு, தெரு எனக் காட்சிக்கொரு திரை வேண்டும். அகன்ற துணியில், கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவருக்கும் தெரியுமாறு ஆழமும் தொலைவும் தோன்ற வரைவது தனிக்கலை. நாடகக் குழுக்கள் ஊர்விட்டு ஊர் செல்லும்போது திரை ஓவியர்களும் உடன் சென்றனர்.

அவர்களுள் ஒருவர் சி. கொண்டையராஜு (1898 – 1976). சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். சில காலம் திருவண்ணாமலையில் இரமணர் ஆசிரமத்தில் தங்கியவர். பின்னர் நாடகக் குழுவொன்றில் திரை வரையச் சேர்ந்தார். அக்குழு கோவில்பட்டியில் கலைந்தது. பிறர் தத்தம் ஊருக்குத் திரும்ப, கொண்டையராஜு 1940களில் அங்கேயே தங்கிவிட்டார். ஒரு குழு கலைந்தது தமிழர் பூசையறையின் தோற்றத்தையே மாற்றியது என்றால் அது மிகையாகாது. ஏனெனில், சாத்தூர் வழியே சென்றால் எட்டிவிடக்கூடிய சிவகாசியில், படங்களுக்காக அச்சகங்கள் காத்திருந்தன.

தீப்பெட்டிச் சீட்டு

முதல் உலகப்போர்க் காலத்தில் இந்தியச் சந்தையில் ஜப்பானியத் தீப்பெட்டிகள் மிகுந்திருந்தன. இந்தியருக்குப் பழகிய தெய்வங்களையும் விலங்குகளையும் சீட்டில் அச்சிட்டே ஜப்பானியர் அவற்றை அனுப்பினர். 1922இல் சிவகாசியைச் சேர்ந்த ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டிக்குச் சீட்டு வேண்டும், பட்டாசுக்கும் வேண்டும். அத்தேவையே சிவகாசியை அச்சு நகராக்கியது. சீட்டு அச்சிட்ட பொறிகள் பின்னர் நாள்காட்டியும் அச்சிட்டன. கொண்டையராஜுவும் அவர்தம் மாணவர்களும் வரைந்த மீனாட்சி திருக்கல்யாணமும் முருகனும் இலட்சுமியும் கடைக்காரர் தரும் அன்பளிப்பாக வீடுதோறும் நுழைந்தன.

கடல்கடந்த ஓர் ஒப்புமை

ஜப்பானின் எடோ நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில், கபுகி நாடகம் செழித்திருந்தது. அங்குத் தோரி கியோநோபு (1664 – 1729) வழிவந்த ஓவியர்கள் அரங்க வாயிலில் வைக்கும் விளம்பரப் பலகைகளை வரைந்தனர். அவர்களே நடிகர்களின் உருவங்களை மரக்கட்டை அச்சோவியமாகவும் ஆக்கினர். தொடக்கத்தில் கருங்கோடு மட்டுமே அச்சாகும். சிவப்பும் மஞ்சளும் கையால் தீட்டப்படும். 1765க்குப் பின்னரே பல வண்ண அச்சு பரவியது. 1794–95இல் ஏறத்தாழ பத்துத் திங்கள் மட்டும் இயங்கிய ஷராகு என்னும் ஓவியர், நடிகர்களின் விரிந்த விழியையும் கோணிய வாயையும் ஒளிவுமறைவின்றித் தீட்டினார். அவர் யார் என்பது நெடுங்காலம் விவாதிக்கப்பட்ட புதிர்.

மேடைக்கு வரைந்த கை, மலிவான தாளுக்கும் வரைந்தது என்பதில் எடோவும் கோவில்பட்டியும் ஒன்றுபடுகின்றன. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. எடோவில் தாளில் நின்றவன் நடிகன். வேடத்துக்குள் இருக்கும் ஆளை இரசிகர்கள் அடையாளம் கண்டு மகிழ்ந்தனர். இங்கோ நடிகன் மறைந்துவிட்டான். அவன் நின்ற நிலையும் உடையும் பின்திரையும் தெய்வத்துக்கு உரியவாயின. படத்தை வாங்கியவர் கற்பூரம் காட்டினார். அவருக்கு நாடகம் நினைவில் இருக்கவேண்டிய தேவையே இல்லை.

பார்த்து வரைந்த கை

ஓவியர் தீட்டிய மூலம் அப்படியே அச்சாகிவிடுவதில்லை. கல்லச்சு முறையில், அச்சகத்துக் கலைஞர் மூலப்படத்தை எதிரே வைத்துக்கொண்டு அதை மனத்துக்குள் நிறம் நிறமாகப் பிரிப்பார். மஞ்சளுக்கு ஒரு கல், சிவப்புக்கு ஒரு கல், நீலத்துக்கு ஒரு கல். வெளிர் நிறங்களுக்கு வேறு கற்கள். ஒவ்வொன்றிலும் அந்நிறத்துக்குரிய பகுதியை மட்டும், எண்ணெய்ப் பசையுள்ள மையால், புள்ளி புள்ளியாகக் கையால் வரைய வேண்டும். நேரடியாகக் கல்லில் வரைந்தால் இடவலம் மாற்றியும் வரைய வேண்டும். அச்சிடும்போது ஒரு நூலிழை விலகினாலும் உதட்டின் சிவப்பு கன்னத்தில் ஏறிவிடும். பிற்காலத்தில் கல்லுக்கு மாற்றாகத் துத்தநாகத் தகடு வந்தது. அதன்பின் நிழற்பட முறையே நிறங்களைப் பிரித்தது. அதுவரை சிவகாசியில் அச்சான ஒவ்வொரு வண்ணப்படமும் இருமுறை கையால் வரையப்பட்டதே.

‘நகல்’ என்னும் சொல்லைத் தாழ்வாகக் கருதுவது இவ்விடத்தில் பொருந்தாது. கொண்டையராஜுவின் மாணவர்களும் ஆசிரியரின் படத்தைப் பார்த்து வரைந்தே கை பழகினர். டி. எஸ். சுப்பையாவும் எம். இராமலிங்கமும் அவ்வழி வந்தோர். ஒரே படத்தில் ஆசிரியர் பெயரும் மாணவர் பெயரும் சேர்ந்து காணப்படுவதுண்டு.  ஜப்பானிய அச்சோவியத்திலும் ஓவியர் பெயரும் பதிப்பாளர் முத்திரையும் இருக்கும். செர்ரி மரக்கட்டையில் மயிரிழைகளைச் செதுக்கியவர் பெயர் பெரும்பாலும் இராது.

தெரிந்து தெளிவோம்

கல்லச்சு முறையை 1796இல் செருமனியில் அலாய்ஸ் செனஃபெல்டர் கண்டறிந்தார். எண்ணெயும் நீரும் ஒட்டா என்பதே இதன் அடிப்படை. வரைந்த இடம் மையை ஏற்கும். நீரால் நனைந்த வெற்றிடம் மையை விலக்கும். இரவிவர்மா 1894இல் பம்பாய்க்கு அருகே தொடங்கிய அச்சகமும் இம்முறையிலேயே தெய்வப்படங்களை அச்சிட்டது.

ஆண்டு முடிந்ததும் தேதித்தாள்கள் தீர்ந்துபோகும், படம் தங்கிவிடும். பலர் அதைக் கண்ணாடிச் சட்டமிட்டுப் பூசையறையில் மாட்டினர். சட்டத்தின் அளவுக்காகக் கீழ் விளிம்பை வெட்டுகையில் கடைக்காரர் பெயர் போகும். சில வேளைகளில் ஓவியர் கையெழுத்தும் உடன் போகும். கல்லில் புள்ளியிட்டவர் பெயர் வெட்டுப்படவில்லை. அது முதலிலிருந்தே அங்கு எழுதப்படவில்லை.