ஸ்டீயரிங் ஆயில் கறுத்திருக்கிறதா? வீட்டிலேயே மாற்றலாம்

கேள்வி: என்னிடம் 2010 மாடல் டொயோட்டா இன்னோவா டீசல் வண்டி இருக்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கியது, 1,90,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கொஞ்ச நாளாக வீட்டுச் சந்தில் வண்டியை ஒடித்துத் திருப்பும்போது பானட்டுக்குள்ளிருந்து 'ஙொய்' என்று ஒரு முனகல் வருகிறது. ரோட்டில் நேராக ஓடும்போது ஒரு குறையும் இல்லை. பவர் ஸ்டீயரிங் டேங்க் மூடியைத் திறந்து பார்த்தேன். ஆயில் கறுத்திருக்கிறது, அளவும் சற்றுக் குறைவு. ஒர்க்‌ஷாப்பில் 'பம்பே போச்சு, மாத்தணும்' என்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரோ 'பிரேக் ஆயிலை ஊத்துங்க, எல்லாம் ஒண்ணுதான்' என்கிறார். எஞ்சின் ஆயில், ஃபில்டர் எல்லாம் நானே மாற்றிப் பழகியவன். இதையும் நானே மாற்றலாமா?
— வாசகர், கரூர்

பதில்: தாராளமாக மாற்றலாம். அதற்கு முன் ஒரு காரியம்: உங்கள் பக்கத்து வீட்டுக்காரரை பானட் பக்கமே அண்டவிடாதீர்கள். பிரேக் ஆயில் கிளைக்கால் வகையைச் சேர்ந்தது. ஸ்டீயரிங் பம்பிலும், சக்கரங்களைத் திருப்பும் ரேக்கிலும் இருக்கும் ரப்பர் சீல்கள் பெட்ரோலிய எண்ணெய்க்கென்று செய்தவை. பிரேக் ஆயில் பட்டால் அவை உப்பி, இளகி, பிறகு கிழியும். ஊற்றிய அன்றைக்கு ஒன்றும் தெரியாது, வண்டி நன்றாகவே திரும்பும். கொஞ்ச நாள் கழித்து ஒவ்வொரு மூட்டிலும் ஒழுக ஆரம்பிக்கும். அப்போது பம்ப், ரேக், ஓஸ் என்று மொத்தச் செலவும் உங்கள் தலையில் விழும்.

ஒர்க்‌ஷாப்காரர் சொன்னதையும் இப்போதே நம்ப வேண்டாம், தள்ளவும் வேண்டாம். பம்ப் முனகுவதற்குப் பெரும்பாலும் காரணம் பம்ப் அல்ல, அதற்குப் போய்ச் சேரும் ஆயில்தான். எஞ்சினால் சுழலும் அந்தப் பம்ப், டேங்கிலிருந்து ஆயிலை இழுத்து அழுத்தி ரேக்குக்கு அனுப்புகிறது. ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்துப் பிடித்தால், பல வண்டிகளில் அந்த அழுத்தம் 70 பாரைத் தாண்டும். உங்கள் டயரில் இருக்கும் காற்று 2 பார் சொச்சம்தான் என்பதோடு வைத்துப் பாருங்கள். இந்த அழுத்தத்தில் ஆயிலோடு கொஞ்சம் காற்றும் சேர்ந்து போனால் பம்ப் அலறத்தான் செய்யும். டேங்கில் அளவு குறைந்தாலும் காற்று போகும். டேங்கின் அடியில் இருக்கும் வலை அழுக்கால் அடைத்துக்கொண்டாலும் பம்ப்புக்கு ஆயில் போதாமல் இதே சத்தம்தான் வரும்.

ஆனால் 'அளவும் சற்றுக் குறைவு' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. எஞ்சின் ஆயிலைப் போல எரிந்து குறைவதற்கு ஸ்டீயரிங் ஆயிலுக்கு வழியே கிடையாது. குறைந்திருந்தால் எங்கோ ஒழுகியிருக்கிறது என்று அர்த்தம். எனவே ஆயில் வாங்குவதற்கு முன் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் பாருங்கள். பம்ப்பைச் சுற்றி ஈரம் இருக்கிறதா? பிரஷர் ஓஸின் இரும்பு முனையும் ரப்பரும் சேரும் இடத்தில் தூசி படிந்து எண்ணெய்ப் பிசுக்காக இருக்கிறதா? கடைசியாக, ரேக்கின் இரண்டு முனைகளிலும் மடிப்பு மடிப்பாக ரப்பர் உறை இருக்கும். அதை இரண்டு விரலால் அழுத்துங்கள். சும்மா காற்றுப்பையாக அமுங்கினால் சரி. உள்ளே திரவம் சளசளத்தாலோ, கிளிப் ஓரமாக ஆயில் கசிந்தாலோ ரேக்கின் உள் சீல் போய்விட்டது. அப்படியானால் ஆயில் மாற்றும் வேலையை அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புது ஆயிலும் அதே வழியாகத்தான் வெளியேறும். 'ஸ்டாப் லீக்' என்று கடையில் ஒரு டப்பாவைக் காட்டுவார்கள். சீலைக் கொஞ்ச காலத்துக்கு உப்ப வைக்கும், அவ்வளவுதான். நான் அதைச் சிபாரிசு செய்வதில்லை.

ஆயிலையும் ஒரு சொட்டு எடுத்து வெள்ளைத் துணியில் வைத்துப் பாருங்கள். வெறுமனே கறுத்திருந்தால் சூட்டிலும் வயசிலும் கெட்ட ஆயில், கூடவே ஓஸின் உட்பக்க ரப்பர் தேய்ந்து கலந்த கரி. இது மாற்றினால் சரியாகும். வெயிலில் பிடித்தால் வெள்ளித்தூள் மாதிரி மினுங்குகிறதா? பம்ப்பின் இரும்பு தேய்ந்து கலந்திருக்கிறது, ஒர்க்‌ஷாப்காரர் பக்கம் நியாயம் இருக்கிறது. நுரைத்து வெளிறியிருந்தால் காற்றோ தண்ணீரோ சேர்ந்திருக்கிறது. கருகல் வாடை அடித்தால் ஆயில் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. ஃபுல் லாக்கில் ஒடித்துப் பிடித்தபடியே வண்டியை நிறுத்தி வைத்திருக்கும் பழக்கம் உள்ளவர்களின் வண்டியில் இது சகஜம்.

எந்த ஆயில் என்பதில் குழப்பமே வேண்டாம், உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கிறது. இன்னோவாவுக்கு டொயோட்டா சொல்வது டெக்ஸ்ரான் 2 அல்லது 3 வகை ஏடிஎஃப். அதாவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றும் அதே சிவப்பு ஆயில். டெக்ஸ்ரான் என்பது ஜெனரல் மோட்டார்ஸ் வகுத்த தரம். டெக்ஸ்ரான் 3-க்கு உரிமம் கொடுப்பதை அவர்கள் எப்போதோ நிறுத்திவிட்டார்கள். அதனால் இப்போது கிடைக்கும் டப்பாக்களில் 'டெக்ஸ்ரான் 3-க்குப் பொருந்தும்' என்றுதான் அச்சிட்டிருப்பார்கள், அது போதும். நல்ல கம்பெனி ஆயிலாக 2 லிட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். டேங்க், பம்ப், ரேக், ஓஸ் எல்லாம் சேர்த்தே ஏறக்குறைய ஒரு லிட்டர்தான் பிடிக்கும், மீதி கழுவி விடுவதற்கு. இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை: எல்லா வண்டிக்கும் சிவப்பு ஆயில் என்று எண்ணிவிடாதீர்கள். பல ஜெர்மன் வண்டிகளுக்குப் பச்சை நிறத்தில் தனி ஆயில் உண்டு, ஹோண்டாவும் தன் ஹைட்ராலிக் ஸ்டீயரிங்குக்குத் தனி ஆயிலைத்தான் கேட்கும். டேங்க்கே இல்லாத வண்டியில் தேடிக் களைக்கவும் வேண்டாம். இன்று ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவை மோட்டாரால் திருப்பும் எலெக்ட்ரிக் ஸ்டீயரிங். 1988-ல் ஜப்பானில் சுசுகி செர்வோவில் வந்த முறை அது, அதில் ஆயிலே கிடையாது.

இனி வேலைக்கு வருவோம். இரண்டு வழி இருக்கிறது.

சோம்பேறி வழி முதலில். மெடிக்கல் ஷாப்பில் 50 மில்லி சிரிஞ்சு கேளுங்கள், ஊசி வேண்டாம். மீன்தொட்டிக்குக் காற்று விடும் டியூபில் ஒரு முழம் வெட்டி முனையில் மாட்டுங்கள். டேங்கில் இருப்பதை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதை அளவு வரை ஊற்றுங்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் சில முறை திருப்பி, அணைத்துவிட்டு மறுபடி உறிஞ்சுங்கள். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு டேங்கில் இருப்பதாக வைத்துக்கொண்டால், மூன்று முறை செய்தாலும் பழைய ஆயில் 30 சதவீதம் உள்ளேயே கிடக்கும், ஐந்து முறையில் 13 சதவீதமாகும். ஓஸ் எதையும் கழற்றுவதில்லை என்பதால் காற்று புகும் பயம் இல்லை. ஆயில் லேசாகக் கறுத்த வண்டிக்கு இதுவே தாராளம்.

உங்களுடையது அந்த நிலையைத் தாண்டியது. முழுதாகக் கழுவிவிடுங்கள்.

வண்டி நன்றாக ஆறியிருக்கட்டும். ஹேண்ட்பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி இரண்டு பக்கமும் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் கை நீட்டுவது கூடவே கூடாது. சக்கரம் தரையைத் தொடாமல் இருந்தால்தான் எஞ்சின் ஓடாமலே ஸ்டீயரிங் லேசாகத் திரும்பும்.

டேங்கிலிருந்து இரண்டு ரப்பர் ஓஸ் கிளம்பும். பருமனானது பம்ப்புக்கு ஆயில் கொடுப்பது, மெல்லியது ரேக்கிலிருந்து திரும்பி வருவது. நமக்கு வேண்டியது மெல்லியது. முதலில் டேங்கை சிரிஞ்சால் காலி செய்துவிட்டு, கொறட்டால் கிளிப்பை நெருக்கிப் பின்னால் தள்ளுங்கள். பழைய ரப்பர் குழாயோடு ஒட்டிக்கொண்டிருக்கும். இழுத்தால் கிழியும், முறுக்கிக் கழற்றுங்கள். டேங்கில் அந்த ஓஸ் இருந்த வாயை ரப்பர் மூடியால் அடைத்துவிடுங்கள். கழற்றிய ஓஸின் முனையில் கண்ணாடி போன்ற டியூப் மாட்டி, காலி 2 லிட்டர் தண்ணீர் பாட்டிலில் விடுங்கள். சுற்றிலும் பனியன் வேஸ்ட் பரப்பிக்கொள்ளுங்கள். திருப்பூர் பக்கத்தில் இருந்துகொண்டு அதற்கா பஞ்சம்! ஆனால் டேங்கின் உள்ளே துடைக்க மட்டும் வேஸ்ட் வேண்டாம். ஒரு நூல் உள்ளே போனாலும் வலையில் போய் உட்காரும், நூல் உதிராத துணி எடுங்கள். டேங்கைக் கழற்ற முடிந்தால் கையோடு பெட்ரோலில் அலசி, முழுக்க உலரவிட்டு மாட்டுங்கள். அடியில் இருக்கும் வலையைப் பார்த்தால் முனகலுக்குக் காரணம் அங்கேயே தெரிந்தாலும் தெரியும்.

டேங்கில் புது ஆயிலை நிரப்பி, வீட்டில் ஒருவரை ஸ்டீயரிங்கில் உட்கார வையுங்கள். சாவியை ஒரு கட்டம் திருப்பி ஏசிசியில் வைத்தால் போதும், அப்போதுதான் ஸ்டீயரிங் பூட்டு விடும். எஞ்சினைத் தொடக் கூடாது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நிதானமாக அவர் திருப்பட்டும். பாட்டிலில் கடுங்காப்பி நிறத்தில் விட்டு விட்டு வடியும். உங்கள் கண் முழுக்க டேங்கில் இருக்கட்டும். அடி தெரிவதற்குள் ஊற்றிக்கொண்டே இருங்கள். கண்ணாடி டியூபில் தெளிந்த சிவப்பு வந்ததும் நிறுத்தலாம்.

எஞ்சினை ஓடவிட்டுச் செய்தால் சீக்கிரம் முடியுமே என்று பலர் கேட்பார்கள். முடியும், பம்ப்பும் சேர்ந்து முடிந்துவிடும். எஞ்சின் ஓடும்போது டேங்கில் இருப்பது சில நொடிகளில் காலியாகும், நீங்கள் ஊற்றும் வேகம் அதற்கு ஈடு கொடுக்காது. பம்ப்புக்கு அந்த ஆயில்தான் உயவு. வறண்டு சுழன்றால் அந்தக் கொஞ்ச நேரமே அதற்குக் கேடு. டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றிக் கழுவச் சொல்பவர்களும் உண்டு. அந்த அழுத்தத்தைத் தாங்கும் உயவு அவற்றில் இல்லை, சீலுக்கும் ஆகாது. புது ஆயிலே கழுவும் ஆயில்.

ஓஸைப் பழையபடி மாட்டிக் கிளிப் போட்டுவிட்டு, அளவு வரை நிரப்புங்கள். இனிதான் பொறுமை வேண்டிய கட்டம். எஞ்சின் அணைந்த நிலையிலேயே இன்னும் பதினைந்து இருபது தடவை கோடிக்குக் கோடி திருப்புங்கள். டேங்கில் குமிழ் குமிழாகக் காற்று வெளியேறும், அளவு இறங்கும், ஊற்றுங்கள். குமிழ் நின்ற பிறகு வண்டியை இறக்கி, எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஐடிலில் சில நிமிடம் விடுங்கள். பிறகு மெதுவாக ஒரு பக்கம் ஒடித்து இரண்டு மூன்று நொடி பிடித்து, மறுபக்கம் அதேபோல். அதற்கு மேல் லாக்கில் பிடிக்க வேண்டாம். ஆயில் நுரைத்து வெளிறினால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது. எஞ்சினை அணைத்து, அரை மணி நேரம் அப்படியே விட்டு, நுரை அடங்கியதும் மறுபடி செய்யுங்கள். டேங்கில் ஆறிய ஆயிலுக்கு ஒரு கோடு, சூடான ஆயிலுக்கு ஒரு கோடு இருக்கும். ஆறிய வண்டியில் சூட்டுக் கோடு வரை நிரப்பிவிட்டால் ஓடும்போது மூடி வழியாகப் பொங்கும். சிந்திய ஆயிலை, குறிப்பாகப் புகைக்குழாய் பக்கம் தெறித்ததை, எஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே சுத்தமாகத் துடைத்திருக்க வேண்டும். சூட்டில் அது தீப்பிடிக்கக் கூடியது.

பாட்டிலில் சேர்ந்த பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், கரையானுக்கென்று வேலிச்செடியிலும் ஊற்றாதீர்கள். கழிவு எண்ணெய் 2016-ன் அபாயக் கழிவு விதிகளுக்குள் வருகிறது. ஒர்க்‌ஷாப்களில் பழைய எஞ்சின் ஆயில் சேர்க்கும் பேரல் இருக்கும், அதில் ஊற்றச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்த ஒரு வாரம் காலையில் வண்டி எடுக்கும் முன் அளவைப் பாருங்கள். அளவு இறங்காமல், முனகலும் நின்றிருந்தால் பம்ப்புக்கு ஒன்றுமில்லை. அளவு இறங்கினால் ஒழுகும் இடத்தைக் கண்டுபிடித்து அதை மட்டும் சரிசெய்யுங்கள். ஆயில் நிறைவாக, நுரையில்லாமல் இருந்து, வலையும் சுத்தமாகி, அப்படியும் சத்தம் வந்தால் உங்கள் ஒர்க்‌ஷாப்காரர் சொன்னதே சரி. பம்ப்பை மாற்றிவிடுங்கள், மாற்றும்போது இதே சிவப்பு ஆயிலைத்தான் ஊற்றுகிறாரா என்று பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.